பன்னிரண்டாவது கதிரை

லுணுகலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பெரிய வியாழன் என்றால் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரை போடவேண்டும். யேசு சுவாமி சாவதற்கு முதல் நாள், வேலைக்காரனைப்போலக் குனிந்து தன் சீடர் பன்னிரண்டு பேருக்கும் கால் கழுவினார். அதை நினைவுகூர்ந்து பாதர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். ஆண்டவர் உலகத்துக்கு வந்தது பணிவிடை வாங்க அல்ல, செய்யத்தான் என்பது அன்றைய பாடம். பாடத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பணிவிடையை வாங்கிக்கொள்ளப் போகிற பன்னிரண்டு பேர் யார் என்பதில்தான் பெப்ரவரி மாதமே சண்டை தொடங்கிவிடும்.

பட்டியல் போடுவது கோயில் கமிட்டி. கமிட்டி என்றால் பிலவேந்திரன். ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. வேலையை விட்டு ஒன்பது வருடமாகியும், பூசைக்கு வருகிறவர்களைப் காலையில் பெரட்டுக்களத்தில் வேலையாள் எண்ணுவதுபோல் வாசலில் நின்று எண்ணுவார். முதல் கதிரை அவருக்கு. இரண்டாவது அவருடைய மச்சானுக்கு. மற்றவை தகுதிப்படி, தகுதி என்ன என்பது பிலவேந்திரனுக்குத் தெரியும். ஓரத்துக் கடைசிக் கதிரைக்கு மட்டும் ஆள் கிடைப்பது கஷ்டம். அது யேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் கதிரை என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்துவிட்டார்கள்.

தெரிவான சீடர்கள் அன்று மூன்று மணிக்கே தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போய், சவர்க்காரம் போட்டு, கல்லில் குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டு வருவார்கள். அழுக்குக் காலைப் பாதருக்குக் காட்டலாமா? இப்படியாக நெடுங்காலம் அந்தக் கோயிலில் கழுவிய கால்களே பக்தியோடு கழுவப்பட்டு வந்தன.

மிக்கேலம்மாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை. வயது ஐம்பத்து மூன்று, கொழுந்து எடுக்கிறவள், கோயிலுக்குக் கீழே உள்ள லயத்தில் தொங்கல் காம்பரா, வரிசையின் கடைசி வீடு. பத்தொன்பது வருடமாகக் கால் கழுவும் தண்ணீர் அவள் பொறுப்பு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சீடர்களுக்குத் தடிமன் பிடிக்கும். ஆகவே வீட்டு அடுப்பில் காய்ச்சி, சூடு ஆறாமல் வாளியில் தூக்கி வருவாள். சுவிசேஷம் வாசித்து முடிந்ததும் பக்கக் கதவால் இறங்கி ஓடினால், பிரசங்கம் முடிகிற நேரத்துக்குத் திரும்பிவிடலாம். துல்லியமான ஏற்பாடு. ஒரே ஒரு குறை: பத்தொன்பது வருடமாக அவள் சுவிசேஷத்தைக் கேட்டிருக்கிறாள், அதற்கான விளக்கத்தை ஒருமுறையும் கேட்டதில்லை.

அந்தச் சுவிசேஷத்தில் ஓர் இடம். சீடர்களில் ஒருவரான சீமோன், நீர் போய் என் காலைக் கழுவுவதா என்று காலை இழுத்துக்கொள்கிறார். கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்கிறார் யேசு. பயந்துபோன சீமோன், அப்படியென்றால் கையையும் தலையையும் சேர்த்துக் கழுவும் என்கிறார். மிக்கேலம்மா அந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டே வாளிக்கு ஓடுகிறவள். கழுவாவிட்டால் பங்கில்லை, அவளை யாரும் கழுவவில்லை. ஆகவே?

இந்த வருடம் துவாய் வாங்க லுணுகலைக்குப் போனபோது, கடைக்கார றில்வானிடம் அது வாய்தவறி வந்துவிட்டது.

"பன்னெண்டு வெள்ளத் துவாயா? என்னக்கா, வீட்ல கலியாணமா?" என்றார் றில்வான்.

"கால் தொடைக்க மொதலாளி. பெரிய வியாழன்."

"நாங்க தொழுகைக்கு அஞ்சு நேரமும் நாங்களே கழுவிக்கிறோம். ஒங்க ஆளுங்களுக்கு வருசத்துல ஒருக்கா கழுவுறதுக்கு ஒரு கமிட்டி."

"சும்மா இல்ல மொதலாளி. கழுவுனாத்தான் சாமியோட பங்கு."

"அப்ப ஒங்களுக்கு எப்பக் கழுவுறாங்க?"

"நான் தண்ணி தூக்குற ஆளு."

றில்வான் துவாய்களை மடித்துப் பையில் வைத்தார். "நல்ல ஏற்பாடுதான்," என்றார். "ஒங்க பாதர்ட்ட கேட்டுப் பாருங்க."

பாதரிடம் கேட்க அவசியம் வரவில்லை. புதிதாக வந்திருந்த இளம் பாதர், குருத்தோலை ஞாயிறன்று பன்னிரண்டு பேரில் பெண்களும் இருக்கவேண்டும் என்று அறிவித்துவிட்டார். ரோமாபுரி அதற்கு அனுமதி கொடுத்து ஒன்பது வருடமாகிறது. பதுளை வரை வந்த செய்தி, தோட்டத்து ரோட்டைப் பார்த்துப் பயந்து நின்றுவிட்டதுபோலும்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. பெண்கள் என்று பாதர் சொன்னதைப் பெண் என்று சுருக்கியது. அவளுக்கு எந்தக் கதிரை என்பதில் விவாதமே எழவில்லை. ஓரத்துக் கதிரை காலியாக இருந்தது. தங்கள் வீட்டுப் பெண்களை யூதாசாக உட்காரவைக்க உறுப்பினர் எவருக்கும் மனமில்லை. பிலவேந்திரன் லயத்துக்கு ஆளனுப்பினார்.

"மிக்கேலம்மா, ஒன்னத்தான் போட்டிருக்கோம். ஓரத்துக் கதிர. ஒனக்கு இஷ்டமில்லேன்னா..."

"இஷ்டந்தாங்கய்யா," என்றாள், அவர் முடிப்பதற்குள். பிறகுதான் ஞாபகம் வந்தது. "தண்ணிய யாருங்க தூக்குறது?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று சொன்னவர்களுக்கும் அவர் இதைத்தான் சொல்வார்.

வியாழக்கிழமை அரைநாள் கூலிக்குக் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, தண்ணீரைக் காயவைத்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு மிக்கேலம்மா கோயிலுக்குப் போனாள். பாதருக்கு அன்று இன்னும் இரண்டு தோட்டம் இருந்ததால் நாலு மணிக்கே பூசை. பதினொரு சீடர்களின் கால்களும் கண்ணாடிபோல் பளபளத்தன. அவளுடைய கால் வெடித்து, காலையில் அட்டை கடித்த இடம் கறுத்துப்போயிருந்தது. சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

சுவிசேஷம் முடிந்தது. கால் தானாகப் பக்கக் கதவுப் பக்கம் திரும்பியது, அடக்கிக்கொண்டாள். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு முதன்முதலாகப் பிரசங்கம் கேட்கப்போகிறாள். பங்கு என்றால் என்ன, எப்படிக் கிடைக்கும் என்று பாதர் இப்போது சொல்லிவிடுவார். பாதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கைத்தொலைபேசியால் இளைஞர்கள் கெட்டுப்போவதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

பிறகு இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு செம்பை எடுத்தார். செம்பு வெறுமையாக இருந்தது. வாளியைப் பார்த்தார். வாளியும் அப்படியே.

பிலவேந்திரன் மச்சானைப் பார்த்தார். மச்சான் அடுத்தவரைப் பார்த்தார். பார்வை பதினொரு சீடர்களையும் கடந்து ஓரத்துக்கு வந்து நின்றது. பிலவேந்திரன் தொடையில் விரலைத் தட்டி, புருவத்தால் கதவைக் காட்டினார்.

மிக்கேலம்மாவின் இடுப்பு கதிரையிலிருந்து அரை அங்குலம் எழும்பிவிட்டது. எழும்பினால் நாலு நிமிடத்தில் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் இந்தக் கதிரைக்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள். கமிட்டி அந்த விஷயத்தில் சுறுசுறுப்பு. அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"தண்ணி எங்க?" என்றார் பாதர்.

"எங்க வீட்டு அடுப்புல இருக்குங்க பாதர். காஞ்சிருச்சு. தொங்கல் காம்பரா, கதவு சும்மாதான் சாத்தியிருக்கு."

"ஏ மிக்கேலம்மா, போய் எடுத்துட்டு வந்துரு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் பிலவேந்திரன்.

"நான் இன்னைக்கிச் சீடருங்கய்யா."

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள். பாதர் வாளியை எடுத்துக்கொண்டு, பூசை உடுப்போடு பக்கக் கதவால் இறங்கினார். பாதர் வாளி தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பிலவேந்திரன் வெறுங்காலோடு பின்னால் ஓடினார். அன்று காலை மழை பெய்திருந்தது. பாடகர் குழு ஒரே பாட்டை மூன்று தடவை பாடியது.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் வாளியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். பிலவேந்திரனின் கால் கணுக்கால் வரை சேறு. கோயில் வரலாற்றில் கழுவுவதற்கு உருப்படியான அழுக்கு அன்றுதான் அகப்பட்டது. பாதர் அதை நன்றாகவே தேய்த்தார்.

கடைசியில் ஓரத்துக்கு வந்தார். வழக்கப்படி ஆளுக்கு ஒரு கால்தான், வலது கால். மிக்கேலம்மா வலது காலை நீட்டினாள். வெந்நீர் வெடிப்புகளில் இறங்கியபோது எரிந்தது. அட்டைக்கடி இளகி இரத்தம் கசிய, பாதர் புதுத் துவாயால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தார். தன் காலை இன்னொருவர் கையில் வைத்துப் பார்ப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சீமோன் ஏன் இழுத்துக்கொண்டார் என்பது விளங்கியது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. பாதர் எழும்பப் போனபோது இடது காலையும் எடுத்துப் பாத்திரத்தில் வைத்தாள்.

"ஒரு காலுதான், ஒரு காலுதான்," என்று பிலவேந்திரன் கிசுகிசுத்தார்.

"சீமோனு தலையவும் சேத்துக் கேட்டாருங்கய்யா. நான் காலோட நிப்பாட்டிக்கிறேன்."

பாதர் மறுபடி முழந்தாளிட்டு, செம்பில் மிச்சமிருந்ததை முழுவதும் ஊற்றினார்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த கையோடு கமிட்டி கூடியது. தண்ணீர் வசதியை முன்னிட்டு, அடுத்த வருடம் மிக்கேலம்மா பழையபடி வாளியைப் பொறுப்பேற்பது என்று தீர்மானித்தது. பிலவேந்திரனே நேரில் போய்ச் சொன்னார்.

"கதிர வேணாங்கய்யா, எனக்குப் பங்கு கெடச்சிருச்சு," என்றாள் மிக்கேலம்மா. "ஆனா அது என்ன பங்குன்னு இன்னும் யாரும் சொல்லல. அடுத்த வருசம் நான் பிரசங்கம் கேக்கணும். தண்ணிக்கு வேற ஆளப் பாருங்க."

தண்ணீர் தூக்க யாரைப் போடுவது என்பதற்காகக் கமிட்டி அதன்பின் மூன்று தடவை கூடிவிட்டது. பணிவிடை செய்ய இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.