டீ கேட்ட ஹார்ட் டிஸ்க்

சிதம்பரத்தில் வீட்டை ஒழித்தபோது கீறல் விழுந்த சி.டி. ஒன்று கிடைத்தது. மேலே ஸ்டெல்லாவின் கையெழுத்து: ‘தொட்டா கைய ஒடிப்பேன்.’ சி.டி.க்கு என்ன வாசனை இருக்கப்போகிறது? ஆனாலும் கடலூர் கம்ப்யூட்டர் சென்டரின் சூடான தூசி வாசனை வந்துவிட்டது.

அங்கே நானும் தேவனாம்பட்டினத்து ஸ்டெல்லாவும் பாடம் நடத்தினோம், அப்படித்தான் பேர். முதலாளி எல்லோருக்கும் மாமா. தங்கமான மனுஷர், டீ வாங்கித்தர மட்டும் மனசு வராது.

எனக்கு அப்போது ஒரு கிறுக்கு. கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோசுக்கு முன்னால் ஓடும் குட்டி நிரலை, அதாவது பூட்லோடரை, நானே எழுத வேண்டும். ஹார்ட் டிஸ்க் மாதிரியே ஒரு ஃபைலை உண்டாக்கி, அதன் முதல் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டில் நிரலை வைத்தால், திரைக்குள் ஓடும் ஒரு போலி கம்ப்யூட்டர் அந்தப் போலி டிஸ்கிலிருந்தே கிளம்பும். என் நிரல் செய்ததெல்லாம் கறுப்புத் திரையில் ஒரு வரி காட்டியதுதான்: ‘மாமா, டீ சொல்லுங்க.’ அதுவும் ஆங்கில எழுத்தில்.

ஒரு மதியம், ஃபைலின் பேரை அடிக்க வேண்டிய இடத்தில் நிஜ டிஸ்கின் பேரை அடித்துவிட்டேன்; என் நிரல் அதன் தொடக்கத்தில் இருந்ததை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மாமாவின் கம்ப்யூட்டர் அது. மறுநாள் கொடுக்க வேண்டிய மாணவர் மதிப்பெண்கள் முழுக்க அதில். திரும்பப் போட்டால் என் வரி மட்டும் நின்று சிரித்தது.

“அடிப்பாவி!” என்றாள் ஸ்டெல்லா. “அழுவாத. வாசக்கதவுதான் போச்சு, வூடு உள்ள அப்டியேதான் இருக்கும்.”

அதற்குள் மாமா வந்து நின்றார். “இது ஏன் டீ கேக்குது?”

“சூடு ஜாஸ்தியாயிடுச்சு மாமா. அப்டித்தான் காட்டும்,” என்றாள் ஸ்டெல்லா, கண்ணைச் சிமிட்டாமல்.

மாமா என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். படியிறங்கினார். ஸ்டெல்லா, டிஸ்கை மீட்கும் நிரல்கள் இருந்த தன் சி.டி.யைப் போட்டு, டிஸ்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் அழிந்த அட்டவணையைத் தேடிப் பிடித்து எழுதினாள். பழைய பூட்லோடரையும் திரும்ப வைத்தாள். மதிப்பெண்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. பெயர்களை இரண்டு தடவை எண்ணினேன்.

மாமா மூன்று டீயோடு வந்தார். என் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, “அடுத்த தடவ எழுதறப்ப பஜ்ஜியும் சேத்து எழுதும்மா,” என்றார்.

இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் டிஜிட்டல் முத்திரை இல்லாத பூட்லோடரை உள்ளேயே விடுவதில்லை. மாமா இப்போது இல்லை. சென்டர் இருந்த மாடியில் பல் ஆஸ்பத்திரி. போன மாதம் பல்வலி என்று பொய் சொல்லி ஏறிப்போய், எங்கள் மேஜைகள் கிடந்த இடத்தில் வாயைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.