ஏழாவது மிஸ்டு கால்

காலை ஏழே முக்காலுக்குப் பூட்டுக்காரன் மூன்றாவது தடவையாகப் பட்டன்களை எண்ணினான். ஒரு கிண்ணத்தில் ஆறு. இன்னொன்றில் ஒன்றே ஒன்று, கறுப்பாக, பெரிதாக. அது கணக்கு டீச்சருடையது. கணக்கு டீச்சர் இன்னும் மிஸ்டு கால் கொடுக்கவில்லை.

இதெல்லாம் பாட்டி செய்துவைத்த வேலை. பாட்டி போய் ஒன்பது நாள்தான் ஆகிறது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் நின்றவள் அவள். இரண்டு பிள்ளைகளையும், பிறகு தாயில்லாத இந்தப் பேரனையும் அந்தச் சோப்புத் தண்ணீரில் நின்றே ஆளாக்கினாள். சலவையில் கழன்ற பட்டன்களைக்கூட ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். புருஷனைத் தவிர வேறு எதையும் தான் தொலைத்ததில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கடவுளிடம் அவளுக்கு ரொம்ப உரிமை. விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் வேண்டுதல் கொஞ்சம், விசாரணை நிறைய.

ஒரு தடவை பக்கத்து வீட்டு அம்மாள் தனியாக இறந்து கிடந்து, மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. நடுவில் ஒரு சுவர்தான். பாட்டிக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

"தினமும் அவளப் பாத்துக்கோன்னு கடவுள்கிட்ட சொல்லிட்டு, நான் பாட்டுக்குத் தூங்கிட்டேன்டா. நீ பாத்துக்கோன்னு அவரும் எங்கிட்ட சொல்லியிருப்பாரு. எனக்குத்தான் காது கேக்கல."

அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் ஏழு பேரும் காலை ஏழரைக்குள் பாட்டியின் போனுக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். பாட்டி எடுக்க மாட்டாள். எடுத்தால் ஏழு பேரின் மூட்டுவலியையும் கேட்டு முடிக்க மத்தியானமாகிவிடும். ரிங் வந்தால் ஆள் நலம். ஒரு பட்டனை எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட்டு, "வந்தாச்சு, நன்றி" என்று மேலே பார்த்துச் சொல்வாள். வராவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள், பேரனையும் இழுத்துக்கொண்டு. கதவைத் திறக்க ஆள் வேண்டுமே! அதற்காகவே யாரும் உள்தாழ்ப்பாள் போடக் கூடாது என்று கண்டிப்பு.

பதினோரு வருடத்தில் அவன் திறந்த கதவுகள் ஐந்து. மூன்றில் அசந்த தூக்கம், இல்லாவிட்டால் சார்ஜ் இல்லாத போன். நாலாவதில் குளியலறையில் வழுக்கி விழுந்தவர் பிழைத்துக்கொண்டார். ஐந்தாவது, பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அறையைப் பற்றி அவன் மனைவியிடம்கூடப் பேசியதில்லை. அன்றைக்கும் பாட்டிதான் முதலில் உள்ளே போனாள். எப்போதும் அவள்தான் முதலில் போவாள். அவன் பூட்டைத் திறந்துவிட்டு மாடிப்படியில் ஒதுங்கிக்கொள்வான்.

அதனால்தான் அவள் போனதும், இனிமேல் ரிங் விட வேண்டாமென்று ஏழு பேரிடமும் சொல்லிவிட நினைத்தான். சொல்ல வாய் வரவில்லை. அவர்களும் வந்து அழுதுவிட்டுப் போய், மறுநாள் காலையில் வழக்கம்போல ரிங் விட்டார்கள். அவனும் எவரிடமும் ஒன்றும் சொல்லாமல் பட்டனை மாற்றி வைத்தான்.

"தூங்கிட்டிருப்பாங்க. ஒரு போன் போட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

போட்டான். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டான். மறுபடியும்.

"ஏங்க, இப்படி வியர்க்குது உங்களுக்கு? நானும் வரட்டுமா?"

"வேண்டாம். சும்மா பாத்துட்டு வந்துடறேன்" என்று கருவிப் பையை எடுத்தான். சும்மா பார்க்கப் போகிறவன் பையை எதற்கு எடுக்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. ஏழாம் வகுப்பில் அவன் காதைத் திருகியவர் டீச்சர். போன வாரம்கூடக் காய்கறிக் கடையில் பார்த்தானே, நன்றாகத்தானே இருந்தார்? படிகளில் மூச்சு வாங்கியது. தட்டினான். பலமாகத் தட்டினான். "டீச்சர்!" என்று கூப்பிட்டான். உள்ளே சத்தமே இல்லை. மூக்கை உறிஞ்சி வாசனை பார்த்தான், உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அவனே மாட்டிக்கொடுத்த பூட்டுதான். ஒரு நிமிட வேலை. ஆனால் இரண்டு தடவை கம்பி கீழே விழுந்தது. "கடவுளே, நீதான் பாத்துக்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னான். சொன்ன மாத்திரத்தில், அப்படியே இறங்கிப் போய்விடலாம் போல இருந்தது. ஒதுங்க மாடிப்படி இருந்தது, முன்னால் போகத்தான் ஆள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கம்பியை நுழைத்தான்.

கதவு திறந்தது. எதிரே நாற்காலியில் கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, கண்ணாடி போட்டு, மடியில் போனோடு.

"எட்டு பத்து" என்றார் கடிகாரத்தைப் பார்த்து.

அவன் வாசலிலேயே உட்கார்ந்தான். "போன் என்னாச்சு டீச்சர்?"

"ஒண்ணும் ஆகல. வேணும்னுதான் அடிக்கல. எடுக்கவும் இல்ல."

"விளையாட்டா இருக்கா உங்களுக்கு? வர்ற வழியெல்லாம் எனக்கு உசிரே போயிடுச்சு! பரீட்சை வைக்கிற வயசா இது?"

"எட்டு நாளா அடிக்கிறேன்டா" என்றார் டீச்சர். "உங்க பாட்டி இல்ல. அந்த ரிங்க யாராவது கேக்கிறாங்களா, இல்ல போன் பீரோவுக்குள்ள கிடக்கா, எனக்கு எப்படித் தெரியும்?"

"கதவு தட்டினப்பவாவது குரல் கொடுத்திருக்கலாமே."

"தட்டிட்டுத் திரும்பிப் போறியா, உள்ள வர்றியான்னும் தெரியணுமே."

அவனுக்குப் பாட்டியின் நினைப்பு தாங்க முடியாமல் வந்தது. இறுதிச் சடங்கின்போது வராத அழுகை அந்த வாசலில் தோள் குலுங்க வந்தது. டீச்சர் எழுந்து வந்து தேற்றவில்லை. மடியில் இருந்த போனை இறுகப் பிடித்துக்கொண்டு, அவன் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்.

"நாளைக்கு அடிங்க டீச்சர்" என்றான் கடைசியில், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஏழரைக்குள்ள அடிச்சுடுங்க. ஒரு நிமிஷம் தள்ளினாலும் எனக்குத் தாங்காது."