குடிக்காதவன் மேல் வழக்கு

வேலுசாமி ஒரு சொட்டும் குடிக்காதவன். ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், அண்ணன் பழனிமுத்து செத்த பிறகு த்ரீவீல் ஓட்டப் பழகினான். தொண்ணூற்றேழில் கோயில் திருவிழா முடிந்த மத்தியானம், குடித்துத் தள்ளாடி வந்த அண்ணனை ஏற்ற கடைவீதியில் நின்ற ஒரு வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. வெறிகாரனை ஏற்றினால் பொலிஸ் பிடிக்கும் என்ற பயம். அண்ணன் தன் மோட்டார் சைக்கிளிலேயே கிளம்பினான். இரண்டாவது வளைவில் லொறியில் மோதினான்.

"லொறி கொல்லல. ஏத்தாம விட்டவனுங்கதான் கொன்னானுங்க" என்று எல்லாரிடமும் வேலுசாமி கத்தினான். தன் வண்டியில் ஏற வந்த எந்த வெறிகாரனையும் வேண்டாமென்று அவன் சொன்னதில்லை. வழியில் வாந்தியெடுத்தால் திட்டிக்கொண்டே கழுவுவான்.

இரண்டாயிரத்து நாலில் தோட்டத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து பார்த்தால், தொழிற்சாலை லொறி டிரைவர் மூக்கையா மோட்டார் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். மிதிக்கும் கால் தரையிலேயே விழுந்தது. வேலுசாமி சாவியைப் பிடுங்கி, அவரை அள்ளித் தன் வண்டியில் போட்டான். மடியிலிருந்த அரைப் போத்தல் சாராயத்தை மட்டும் மனிதர் விடவில்லை.

பாலத்தடியில் பொலிஸ் நிறுத்தியது. சார்ஜன் குடியைச் சோதிக்கும் பலூனை நீட்டினார். வேலுசாமி ஊதினான். ஒன்றுமில்லை. சார்ஜன் பின்சீட்டைப் பார்த்தார்.

"வெறிகாரன், திறந்த போத்தல். வழக்குப் போடுவேன்" என்றார் சிங்களத்தில்.

வேலுசாமியும் சிங்களத்திலேயே கேட்டான். "நான் குடிக்கலையே சேர். இந்த ஆளு தானே ஓட்டிட்டுப் போயிருந்தா நல்லதுங்களா?"

"எனக்கே சட்டம் படிச்சுக் குடுக்கிறியா?"

வண்டி பொலிஸ் முற்றத்துக்குப் போனது. போதையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த மூக்கையாவை அங்கேயே இறக்கி, நடந்து போகச் சொன்னார்கள்.

மறுநாள் வேலுசாமி மூக்கையாவின் லயத்து வீட்டுக்குப் போனான். "கோட்டுக்கு வந்து நடந்தத சொல்லுங்கண்ணே."

மூக்கையா நிமிர்ந்து பார்க்கவில்லை. "தோட்டத் தொரைக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும்பா. குத்தத்த ஒத்துக்கிட்டு வந்திரு. சின்ன விசயம்தானே."

கை ஓங்கிவிடுமோ என்று பயந்து வேலுசாமி திரும்பி நடந்தான். வீட்டில் மனைவி மல்லிகாவும் மெதுவாக அதையே சொன்னாள். "ஒத்துக்கிட்டா வண்டி வந்திருமாங்க."

"எத ஒத்துக்கிறது? நான் குடிக்காததையா?" கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை சுவரில் போய் உடைந்தது. மல்லிகா துண்டுகளைப் பெருக்கி எடுத்தாள். வழக்கு நாளில் அவளும் கூடவே கிளம்பினாள்.

மூக்கையா வரவில்லை. வேலுசாமி கூண்டில் ஏறி, குற்றவாளியில்லை என்றான். நீதவான் சார்ஜனைப் பார்த்தார்.

"ஓட்டியவர் குடித்திருந்தாரா?"

"இல்லை, சுவாமி."

"குடித்தவர் ஓட்டினாரா?"

"இல்லை, சுவாமி."

"அப்படியானால் எந்தப் பிரிவில் இந்த வழக்கு?"

சார்ஜன் தாள்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டேயிருந்தார். வழக்கு தள்ளுபடியானது. யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. பத்தொன்பது நாள் மழையில் நின்ற வண்டியைத் தள்ளித்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. பொலிஸ் வாசலைத் தாண்டும்வரை வேலுசாமி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். தாண்டியதும் வாயில் வந்ததையெல்லாம் திட்டினான்.

கடைவீதி ஸ்டாண்டுக்கு வந்தால் புதிதாக ஒரு பலகை: 'வெறிகாரர் ஏற்றப்படமாட்டார்.'

"ஒனக்கு வந்த கதி எங்களுக்கும் வரக்கூடாதில்லையா" என்றார் ஸ்டாண்டின் மூத்த டிரைவர் கபூர்.

"எனக்கு என்னா கதி வந்திச்சு கபூர் பாய்? கேஸ் தள்ளுபடி! அதையும் எழுதுங்க!" வேலுசாமி பலகையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மூக்கையா ஆடிக்கொண்டே ஸ்டாண்டுக்கு வந்தார். வேலுசாமியைக் கண்டதும் தயங்கி நின்றார். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஏறுங்க" என்றான் வேலுசாமி.

லயம் வரும்வரை மூக்கையா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார். வேலுசாமி மன்னிக்கவில்லை. வாசலில் அவரை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினான்.