நிக்கல் சக்கரங்களைக் காத்த ரெங்கம்மா

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் குதிரைக்காரனாக இருந்த முத்தையன் காய்ச்சலில் போனபோது அவன் பெண்சாதி ரெங்கம்மாவுக்கு முப்பது வயது. பிள்ளை கிடையாது. குதிரைக் கொட்டிலை ஒட்டிய அறையைக் காலி செய்ய மூட்டை கட்டிக்கொண்டிருந்தவளிடம், அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த அவள் அண்ணன் கந்தப்பன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமையில் நடக்கும் சண்டைக்குப் போகிறார், திரும்பி வரும்வரை அவருடைய மோட்டார் கார் கொட்டிலில் நிற்கும் என்றான். உபரிச் சக்கரத்தோடு சேர்த்து அதன் ஐந்து சக்கரங்களும் நிக்கல் பூசியவை. அவற்றைத் துருப்பிடிக்காமல் காப்பவருக்கே அந்த அறை, ஆயுசுக்கும்.

கடிவாளத்தையும் அங்கவடியையும் அத்தனை வருஷம் துடைத்து வைத்தவள் அவள்தான். ஒத்துக்கொண்டாள்.

சக்கரங்களைக் கழற்றினாள். கம்பிகள் வளையத்தோடு சேரும் இடுக்குகளில்தான் சேறு ஒளிந்திருக்கும். தேங்காய் நார் கீறிவிடும் என்று பழந்துணியை முறுக்கி ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தாள். கழுவி, இரண்டு நாள் வெயிலில் உலரவிட்டு, டயரில் படாமல் வாஸலின் களிம்பு பூசித் துணி சுற்றினாள். தரையில் வைத்தால் ஈரம் ஏறும் என்று உத்தரத்தில் தொங்கவிட்டாள். அருகே அடுக்கியிருந்த உர மூட்டைகளைத் தானே இழுத்து வெளியே போட்டாள். உரத்தின் காரம் இரும்பைத் தின்றுவிடும்.

வாஸலின் தீர்ந்ததும் பசறைக் கறிக்கடை ஸலீமிடம் உப்புப் படாத ஆட்டுக்கொழுப்பு கேட்டு வாங்கி, மூன்று தரம் காய்ச்சி வடித்துப் பூசினாள். கவிச்சி தாங்காமல், தலை முழுகாமல் சோற்றில் கை வைக்கமாட்டாள். ஐப்பசி தொடங்கித் தை வரை மழையும் பனிமூட்டமும் விடாது. அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை துணியை அவிழ்த்துப் பார்த்தாள்.

மாதம் பிறந்தால் கந்தப்பன் துரைக்குக் கடிதம் எழுதுவான். அவள் பக்கத்தில் நின்று சொல்லுவாள்: அஞ்சும் நல்லா இருக்கு, ஒரு புள்ளி கூட இல்ல. அவன் இங்கிலீசில் எழுதுவான். துரைக்கு ரொம்பச் சந்தோஷம் என்று பதிலையும் படித்துக் காட்டுவான்.

நாலு வருஷம் கழித்துத் துரை வந்தார். துணியை அவிழ்த்ததும் சக்கரத்தில் தம் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கந்தப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடிதத்தில் எழுதியபடியே செய்திருக்கிறாய் என்று தமிழிலேயே சொல்லி, கொட்டில் சாவியையும் அவனிடமே கொடுத்தார்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்கள் எல்லோரும் நிற்க, ரெங்கம்மா முன்னால் வந்தாள்.

"அத நான்தான் செஞ்சேன், துரை."

துரை கந்தப்பனைப் பார்த்தார்.

"தங்கச்சி கொஞ்சம் ஒத்தாசை செஞ்சிச்சு, துரை," என்றான் அவன்.

அவ்வளவுதான். துரை பேர் கூப்பிடப் போய்விட்டார். அறைக்குக் கந்தப்பனின் மச்சான் குடிவந்தான். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் அண்ணன் முகத்தில் விழித்துக்கொண்டு கிடக்க முடியாமல், அவள் ஹாலிஎலப் பக்கம் வேறொரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாள். கொழுந்து கிள்ளும்போதும் நாலு வருஷக் கடிதங்கள்தான் ஞாபகம். தன் வாயால் சொல்லச் சொல்ல, கண்ணெதிரே தன்னை அழித்து எழுதியிருக்கிறான்.

இரண்டு வருஷம் கழித்துத் துரை மறுபடி காரைக் கந்தப்பன் பொறுப்பில் விட்டுச் சீமைக்கு லீவில் போனார். அவர் திரும்பப் பத்து நாள் இருக்கையில் கந்தப்பன் ஹாலிஎலவுக்கு வந்து அவள் வாசலில் நின்றான். ஈரம் உலராமல் கொழுப்பைப் பூசியிருக்கிறான். நிக்கல் கொப்புளம் கொப்புளமாக உரிகிறது. என்ன செய்யலாம் என்று கேட்டான்.

ரெங்கம்மா சோறு போட்டாள். அவன் பாதி சாப்பிட்டபின் கேட்டாள்.

"ஏண்ணே அப்படி எழுதுன?"

அவன் நிமிரவில்லை. "பொம்பளை செய்றாள்னு எழுதினா துரை நம்புவாரா?"

"நம்பலேன்னா வந்து பாத்திருப்பாரு."

கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். சக்கரத்துக்கு வழி கேட்டவனிடம், பசறை வண்டிக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னாள்.