கருங்களிக்கு ஒரு சாண் மேலே

மண்ணைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதனை நான் பார்த்ததே இல்லை; குழிக்குள் இறங்கச் சொன்னால்தான் ஒருவரும் கண்ணில் படுவதில்லை. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்கும் சுற்றியுள்ள குப்பங்களுக்கும் கிணறு வெட்டுகிறவன் நான். என்னைப் போலக் குழியில் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும், ஓர் அடுக்கு முடிகிற இடத்தில் அடுத்தது என்னவோ என்று கவலை பிடித்துக்கொள்ளும். இந்த வருஷம் அந்தக் கவலை அதிகம். தோணிரேவுக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை அஞ்சலை, குடிதண்ணீருக்காகத் தினமும் தோணியில் உப்பு ஏரியைக் கடக்கிறாள். கோடைக்குள் நான் வெட்டும் கிணற்றில் நல்ல தண்ணீர் வராவிட்டால் குப்பமே சுண்ணாம்புக்குளம் பக்கம் பெயர்ந்துவிடும் என்று பேச்சு.

ஒரே கூடை

அதற்கு முன்னால் கோட்டைக்குள் ஒரு கிடங்குக்கு அஸ்திவாரக் குழி. எந்த ஆழத்தில் என்ன மண் என்று கோட்டைத் துரை கேட்டிருந்தார். அடுக்கு மாறும் இடத்தில் ஒரு பிடி எடுத்து, ஈரம் காயுமுன் நிறம் பார்க்க வேண்டும். விரலுக்கிடையே திரித்தால் மணல் உதிரும், களி கயிறாக நீளும். பிறகு ஓலைப்பாயில் மேலிருந்து கீழாக வரிசையாய் வைக்க வேண்டும். இதையெல்லாம் கூட்டாளி முனுசாமியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால், அத்தனையையும் ஒரே கூடையில் கொட்டிக் கலந்து வைத்திருக்கிறான். துரையும், அவருக்கு மொழிபெயர்க்கும் துபாஷியும் வருகிற நேரம். நான் மறுபடி குழிக்குள் குதித்து, பக்கச்சுவரை அவசரமாகச் சுரண்டினேன். மேலே நின்ற முனுசாமி சொன்னான்: "இன்னாத்துக்கு அண்ணாத்த பதர்றே? எல்லாம் இதே குழிலேர்ந்து வந்த மண்ணுதானே."

இரண்டே வகை

கரையை விட்டு உள்ளே தள்ளி, நெல் விளைகிற ஊரில் ஒரு குடியானவர் கிணற்றுக்கு இடம் பார்க்கக் கூப்பிட்டார். மனசெல்லாம் தோணிரேவில் இருந்தாலும், பிழைப்பாயிற்றே, போனேன். குழி போட்டு, "மேலே வண்டல், அதன்கீழே சுண்ணாம்புக்கல் கலந்த பழுப்புக் களி, அதற்கும் கீழே பருமணல்" என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "என் கணக்குல ரெண்டே மண்ணுதான்பா. நெல்லு வெளையிறது ஒண்ணு, பாகம் பிரிச்சப்போ எனக்கு வந்தது ஒண்ணு."

இறால் மண்

ஒருவழியாகத் தோணிரேவில் குழி போட்டோம். அதற்குள் என்னைக் கூப்பிடக் கோட்டையிலிருந்து ஆள் வந்துவிட்டான். "மணலில் நிற்பது மழைத்தண்ணீர், களிக்குக் கீழே இருப்பது உப்பு. களியின் கருப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்" என்று அஞ்சலையின் புருஷன் கன்னியப்பனிடம் சொல்லிவிட்டுப் போனேன். போன இடத்தில் வேலை ஓடவில்லை.

வந்து பார்த்தால் எல்லோர் முகத்திலும் சேறு, சேற்றுக்கு மேல் சிரிப்பு. ஏரியில் தோணி தள்ளும் கழியின் முனையில் சிப்பியோடு கருஞ்சேறு ஒட்டினால் அங்கேதான் இவர்கள் வலை விடுவார்கள். இறால் அந்தச் சேற்றில்தான் மேயும். குழியில் அதே சிப்பிக் கருப்பைக் கண்டதும் நல்ல சகுனம் என்று உற்சாகமாகத் தோண்டி, களியையே பொத்தல் போட்டுவிட்டார்கள். பொங்கிய தண்ணீரை வாயில் வைத்தேன், கரித்தது. ஆத்திரத்தோடு துப்பினேன். கன்னியப்பன் சொன்னான்: "இவ்ளோ நல்ல சேறு மச்சான். இதுல போய்த் தண்ணி கெட்டுப்போவும்னு யார் கண்டது?"

சாம்பல் மணல்

கெட்டுப்போன குழியும் ஒன்று சொல்லிக்கொடுத்தது. அதன் பக்கச்சுவரில், மணல் சாம்பல் நிறமாகத் திரும்பிய இடத்துக்கு ஒரு சாண் கீழே களி தொடங்கியிருந்தது. அந்த அடையாளத்தை நம்பி மணல்மேட்டுப் பக்கம் இன்னொரு குழி போட்டோம். இந்தத் தடவை நான் நகரவில்லை. பழுப்பு மணல் வெளுத்து, வெளுப்பு சாம்பலானதும் போதும் என்றேன். "இன்னும் ஒரு முழம்" என்று கேட்டவர்களிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

தண்ணீர் மெல்லக் கசிந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அஞ்சலை இறங்கி, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். மறுபடி குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே நின்ற புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தாய்யா, நாளைலேர்ந்து தோணிய மீனுக்கு மட்டும் எடுத்துனு போ."

மண் எங்கே மாறும் என்று சொல்லிவிடலாம். அந்த இடத்தில் மனிதனை நிறுத்தத்தான் மண்வெட்டிமேல் உட்கார வேண்டியிருக்கிறது.