பல்லில்லாதவை

ஐம்பதுகளில் மட்டாஞ்சேரி மிளகு மண்டி மாடியில் இருந்த பாலக்காட்டுப் பல் டாக்டரின் மீசையிலும் மிளகு மணக்கும். பல் பிடுங்கும் குறடு கையில் ஏறியதும் விலங்கியலில் ஒரு கேள்வி கேட்பது அவர் வழக்கம்.

"பிடுங்க வேண்டாம் டாக்டர், மருந்து போதும்" என்று கெஞ்சினேன்.

"இருக்கட்டும் ஓய். தென்னமெரிக்கா எறும்புத்தின்னிக்குப் பல் இல்லை. விலங்கியல்காரா அதைப் பல்லில்லாதவைங்கற வரிசையில வெச்சிருக்கா, சரி. அதன் உறவுக்காரன், ஓடு போர்த்த ஆர்மடில்லோவுக்கு வாய் நிறையப் பல்லு. அதுக்கும் அதே வரிசை. உடம்பெல்லாம் செதில் இருக்கற நம்ம ஊர் அழுங்கும் எறும்புதான் தின்னறது, பல்லும் கிடையாது. அதை மட்டும் வேற வரிசைக்குத் துரத்திட்டா. ஏன்னு பறையும்."

எனக்கு ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் ஓடும். யோசிக்கத் தொடங்கியதும் பயப்பட மறந்துபோனேன். பல் தட்டில் கிடந்தது.

"ஏன் டாக்டர்?" என்றேன், பஞ்சைக் கடித்தபடி.

"பதில் அடுத்த பல்லுக்கு."

ஒரு பல்லாவது ஆடுகிறதா என்று இன்றும் நாக்கால் தள்ளிப் பார்க்கிறேன்.