றெக்கை இல்லாத குளவி

பேய், ஆவி, முனி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். பயத்தில் இல்லை. நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான். பயப்படுவதற்கு எனக்கு நிஜமான விஷயங்களே நிறைய இருக்கின்றன. கேஸை மூடினேனா, காற்றடித்தால் கரண்டுக் கம்பி அறுந்து விழுமா, போன் அடித்தால் என்ன சேதியோ, அடிக்காவிட்டால் என்ன சேதியோ, இதற்கு நடுவில் செத்துப்போனவர்களுக்கும் சேர்த்துப் பயப்பட எனக்கு நேரம் ஏது? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கதை கட்டுகிறாள் என்று நீங்கள் நினைத்தாலும் சரி. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். போர்வெல் போடுகிற லாரி. ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்தில் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு, வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அந்தத் தடவை ராஜஸ்தான் போயிருந்தார். ரிக்கோடு கூடவே குழாய் ஏற்றின இன்னொரு லாரியும் போகும், மத்தியானத்தில் வேலை நின்றால் எல்லோரும் அந்த லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். எனக்குப் பயம் அதுதான். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அப்படிப் படுத்தபடியேதான் போய்ச் சேர்ந்தார். டயருக்குக் கொடுத்திருந்த கல் நழுவிவிட்டது.

அதனால் நான் போன் போடுவேன். காலையில் போடுவேன், சாப்பாட்டு நேரத்தில் போடுவேன், சும்மா இருக்கும்போதும் போடுவேன்.

"ஏனுங்க, எங்க படுத்திருக்கறீங்க?"

"ஏ புள்ள, இங்க என்ன மரமா வச்சிருக்குது எனக்கு? கண்ணுக்கெட்டுன தூரம் மணலு. வண்டி நெழலு ஒண்ணுதான் நெழலு."

"குடையப் புடிச்சுட்டு உக்காருங்களேன்."

"ஆமா, குடையப் புடிச்சுட்டு உக்காந்தா சித்த நேரத்துல பொண்ணு பாக்க வந்திருவாங்க. வை போன."

இப்படித்தான் எங்கள் பேச்சு முடியும்.

அந்தச் சமயத்தில்தான் கயல் வந்தாள். சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் வீடு. பூச்சிகளைப் பற்றிப் பெரிய படிப்புப் படிக்கிற பெண். எங்கள் ஊர் ஓடைக்கரை மணலில் வெல்வெட் எறும்பு என்று ஒன்று திரிகிறதாம், அது எத்தனை இருக்கிறது, என்ன இனம், எவ்வளவு தூரம் நடமாடுகிறது என்று கணக்கெடுக்க வேண்டுமாம். ஆளில்லாத காட்டில் தனியாகத் திரியத் தோதில்லை என்று துணைக்கு ஆள் கேட்டாள். நான் போனேன். வீட்டில் இருந்தால் போனையே வெறித்துக்கொண்டிருப்பேன், அதற்குப் பூச்சி தேவலை.

முதல் நாளே வம்பு. மணலில் சிவப்பாக, பூனைக்குட்டி மாதிரிப் புசுபுசுவென்று ஒன்று ஓடியது. எங்கள் ஊரில் மழை பெய்ததும் இப்படிச் சிவப்பாகப் பட்டுப்பூச்சி வரும், சின்ன வயதில் அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளாத ஆளே கிடையாது. அந்த ஞாபகத்தில் குனிந்து எடுக்கப் போனேன், கயல் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஐயோ அக்கா! அது பட்டுப்பூச்சி இல்ல. கொட்டுச்சுன்னா உயிர் போயிடும் போல வலிக்கும்."

"எறும்பு கடிக்கறதுதான அம்மிணி?"

"எறும்பே இல்லக்கா. குளவி. இதுல ஆணுக்கு மட்டும்தான் றெக்கை. பொண்ணுக்கு றெக்கையே கிடையாது."

"றெக்கை இல்லாத குளவியா? அப்பறம் எப்படிப் போறது வாரது?"

"நடந்துதான்."

"அப்பச் சரி. எங்களாட்டம்."

கயல் வெகுநேரம் சிரித்தாள். அதிலிருந்து எனக்கும் அந்தப் பூச்சிமேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அதை இடுக்கியால் பிடித்தால் கீச்கீச்சென்று கத்தும். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அத்தனை சத்தம். நானும் அப்படித்தான் கத்துகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

வேலை இதுதான். பிடித்ததன் முதுகில் ஒரு பொட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். அடுத்து அது எங்கே அகப்படுகிறது என்று பார்த்தால் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பொட்டு வைக்கக் கயல் கொண்டுவந்த பெயிண்டுப் பேனா வெயிலில் காய்ந்துபோயிற்று. நான் வீட்டில் கிடந்த நெயில் பாலிஷைக் கொண்டுபோனேன். நீலம் கொஞ்சம், வெள்ளி மினுக்குக் கொஞ்சம், இரண்டும் அடியில் கெட்டிப்பட்டிருந்தன. ஒன்றாகக் கொட்டி ரிமூவர் விட்டுக் கலக்கியதில் மயில் கழுத்து மாதிரி ஒரு நிறம் வந்தது. அந்த நிறத்தில் எந்தக் கடையிலும் பாட்டில் கிடையாது, சேலம் செவ்வாய்ப்பேட்டை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

அகப்பட்டதில் ஒன்று மட்டும் கயலைக் குழப்பியது. மற்றவற்றுக்கு வயிற்றில் இரண்டு வெள்ளைப் புள்ளி, இதற்கு ஒன்று. இதன் ஆணைப் பார்த்தால்தான் என்ன இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமாம். அதற்கு ஒரு வழி உண்டு. பெண்ணை வலைக்கூண்டில் போட்டு நிழலில் வைத்தால், வாசம் பிடித்து ஆண் எங்கிருந்தாலும் பறந்து வருமாம். அந்த ஒற்றைப் புள்ளிப் பூச்சிக்கும் பொட்டு வைத்தோம். நான்தான் வைத்தேன். அது கத்திய கத்தலில் என் கை விலகிப் பொட்டு ஒரு பக்கம் வழிந்து, வால் முளைத்தது போலாகிவிட்டது. கயல் தன் லென்சைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். ஒவ்வொரு கால் நுனியிலும் இரண்டிரண்டு கொக்கி, ரோஜா முள் போலக் கூராக இருந்தன. இவ்வளவு அழகாக இதற்கு யார் நகம் வெட்டிவிடுகிறார்கள் என்று கேட்டேன்.

கூண்டு வைத்து நாள் போனதே தவிர ஆண் வரவில்லை. தினமும் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்து வைப்பேன். அது கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். யாரையோ தேடுகிற மாதிரி.

நான் சொல்ல வந்த அந்த நாள், காலையிலிருந்தே அவருக்கு போன் போகவில்லை. தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கயல் வலையை எடுத்துக்கொண்டு ஓடையோடு கீழே போகக் கிளம்பினாள்.

"கூண்டு உங்க பொறுப்புக்கா. ஆம்பளை வந்தா உடனே வலை போட்டுப் புடிங்க."

"ஒரு ஆம்பளைக்கு வலை போட்டே இந்தப் பாடு படறேன். போ சாமி, பாத்துக்கறேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னேன், ஆனால் வாய் மட்டும்தான் சிரித்தது.

அவள் போன பிறகு ஒரே அமைதி. நல்ல உச்சி வெயில், காக்காய் கூடக் கத்தவில்லை. பார்த்தால், ஓயாமல் ஓடுகிற அந்தப் பூச்சி நின்றுவிட்டது. நின்ற இடத்தில் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பிடித்தால்தான் அது கத்தும், நான் தொடவே இல்லை. அப்போது டீசல் வாடை அடித்தது. ரோடு அங்கிருந்து வெகு தூரம்.

தலையைத் தூக்கினேன். எதிரே வெள்ளவேலா மரம். அதன் நிழல் மரத்தின் நிழல் மாதிரி இல்லை. கட்டம் கட்டினது போல நீளமாக, ஓரமெல்லாம் நேர்க்கோடாகக் கிடந்தது. அந்த நிழலுக்குள் என் வீட்டுக்காரர் படுத்திருந்தார்.

நம்பினால் நம்புங்கள். முகத்தில் துண்டு, ஒரு கால்மேல் இன்னொரு கால், கட்டை விரலை ஆட்டியபடி தூங்கிப்போகிற அதே படுக்கை. பத்து வருஷமாகப் பார்க்கிற கால் எனக்குத் தெரியாதா? ராஜஸ்தானில் இருக்கிறவர் இங்கே எப்படி என்றுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை, பயமும் வரவில்லை, எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான்.

"ஏனுங்க! எத்தன தடவ சொல்றது, வண்டிக்கடியில படுக்காதீங்கன்னு! எந்திரிங்க மொதல்ல!"

அங்கே வண்டியே இல்லை, மரம்தான் இருந்தது. ஆனால் என் வாயில் வண்டிக்கடியில் என்றுதான் வந்தது.

அவர் அசையவில்லை. எழுந்து போய் உலுக்கலாம் என்றால் என் கால் வரவில்லை, மணலில் புதைந்தது போலாகிவிட்டது. அப்போதுதான் பயம் வந்தது. கோபமெல்லாம் போய்க் கெஞ்ச ஆரம்பித்தேன். "எந்திரிங்க சாமி, எனக்காக எந்திரிங்க, இனி போன் போட்டு உசுர வாங்க மாட்டேன், எந்திரிங்க." பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கீச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. அவர் சுருக்கென்று காலை இழுத்தார். துண்டை வீசிவிட்டு எழுந்து உட்கார்ந்து, குதிகாலைப் பிடித்துக்கொண்டு நான் இருந்த பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நொண்டியபடி எழுந்து நிழலைவிட்டு வெளியே வந்தார். ஒரு காற்று அடித்தது, கண்ணில் மண் விழுந்தது. கசக்கிவிட்டுப் பார்த்தால் மரமும் மரத்து நிழலும்தான்.

கயல் ஓடிவந்தாள். "என்னக்கா, யாரைத் திட்டுறீங்க? ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குது."

நான் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து மோரைக் குடிக்க வைத்தாள். "வெயிலுக்கா. சாப்பிடவும் இல்ல நீங்க." அப்புறம்தான் கூண்டைப் பார்த்தாள். வாய்க்கயிறு கட்டினபடி இருந்தது, வலையில் ஒரு கண்ணிகூட விடவில்லை. உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது. இருவரும் மணலைச் சலித்தது போலத் தேடினோம். அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை.

பொழுது சாயும்போது என் போன் அடித்தது. அவராகக் கூப்பிட்டது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"சாப்புட்டியா?" என்றார்.

"என்னாச்சுங்க?"

"குழாய் வண்டி உருண்டுருச்சு புள்ள. நான் படுத்திருந்த எடத்து மேலயே. தண்ணிக் கேனு தகடாப் போச்சு. எறும்பு கடிச்சாப்ல இருந்துச்சு, காலை ஒதறிக்கிட்டு வெளிய வந்தேன், பொறவால வண்டி வருது. இல்லீன்னா..." நிறுத்திவிட்டார். அப்புறம், "நீ திட்டறாப்லயே கேட்டுச்சு," என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவருக்கு நான் பார்த்ததைச் சொல்லவில்லை. அத்தனை தூரத்தில் வேலை செய்கிற மனுஷனிடம் இதைச் சொல்லிக் கலங்கடிக்க வேண்டாம் என்றிருந்தேன்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தார். அவருடைய பையைப் பிரித்துத் துணியை ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். கால்சட்டைப் பையில் இந்தி எழுத்துப் போட்ட தீப்பெட்டி ஒன்று இருந்தது.

"அதத் தண்ணியில போட்றாத," என்று ஓடிவந்தார். "பட்டுப்பூச்சி. அன்னைக்குக் கடிச்சது இதுதான். நானும் எறும்புன்னுதான் நெனச்சேன், பொறவு மணல்ல பாத்தாச் செவப்பா ஓடுது. பட்டுப்பூச்சி எந்த ஊருல கடிக்கும்? இது கடிச்சுது, ராவெல்லாம் எரிச்சலு."

"அத எதுக்குங்க சொமந்துக்கிட்டு வந்தீங்க?"

"ரெண்டு மூணு நாள்ல செத்துப்போச்சு. தூக்கி எறிய மனசு வல்ல." தலையைச் சொறிந்தார். "புடிச்சா என்னா கத்து கத்துச்சுங்கற! குட்டியூண்டு இருந்துக்கிட்டு. உன்ற நெனப்பு வந்துருச்சு."

பெட்டியைத் திறந்தேன். ஒரே புழுதி. ஊதினேன். வயிற்றில் ஒற்றை வெள்ளைப் புள்ளி. முதுகில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பொட்டு, ஒரு பக்கம் வால் முளைத்தது போல வழிந்திருந்தது.

அவரிடம் அப்போதுதான் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. இப்போது மறுபடி வடக்கே வேலைக்குப் போயிருக்கிறார், தினமும் மத்தியானம் அவரே போன் போட்டு, "வெயில்லதான் உக்காந்திருக்கறேன், நீ சோறு உண்ணு" என்கிறார். நான் சொன்ன வாக்குப்படி போன் போட்டு உயிரை வாங்குவதில்லை. வாங்காமல் இருக்கப் பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கிளம்புவதற்கு முன்னால் கயலை வரச் சொல்லிப் பெட்டியைக் காட்டினேன். ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்து லென்சு வைத்துப் பார்த்தாள், காபி ஆறிப்போகிற வரைக்கும் பார்த்தாள். பொட்டைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் கை வைத்த பொட்டு அவளுக்கும் தெரியும். "இதை நான் எங்கேயும் எழுத முடியாதுக்கா, யாரும் நம்ப மாட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு லென்சை என்னிடம் நீட்டினாள்.

"காலப் பாருங்கக்கா."

பார்த்தேன். ஆறு காலிலும் அந்த ரோஜா முள் கொக்கி ஒன்றுகூட இல்லை. நுனியெல்லாம் மழுங்கி, அடியோடு தேய்ந்திருந்தன. காலையில் நான் சர்க்கரைத் தண்ணீர் வைத்த பூச்சி, அன்றைக்கு மத்தியானமே அவர் காலைக் கடித்திருக்கிறது. ஆனால் அந்தக் காலைப் பார்த்தால், வருஷக்கணக்கில் நிற்காமல் நடந்தது மாதிரி இருந்தது.